ஊசி என்றாலே மயக்கம்: வேரைத் தேடுவதா, பயத்தின் பக்கத்தில் போய் நிற்பதா?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 38. எனக்கு ஊசியும் ரத்தமும் ஆகாது. பிடிக்காது என்கிற அளவு என்றால் பரவாயில்லையே, ஊசியைப் பார்த்த ஒரு நிமிடத்துக்குள் காது அடைத்து, கண் இருட்டி, ஆள் கீழே. முதல் தடவை எட்டாம் வகுப்பில். பள்ளிக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவனுக்குப் போடுவதைப் பார்த்தே விழுந்துவிட்டேன். கடைசித் தடவை கொரோனா தடுப்பூசியின்போது. போட்டு முடித்து, அப்பாடா என்று எழுந்து நாலு எட்டு வைத்தேன், அவ்வளவுதான் ஞாபகம். மேசை முனை இடித்து நெற்றியில் 3 தையல். அதற்குப் பிறகு ஊசி இருக்கும் இடத்துப் பக்கமே போகவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை, தாத்தாவுக்கும் சர்க்கரை. மூன்று மாத சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து 4 வருடம் ஆகிறது. சீட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. இரண்டு தடவை லேப் வாசல் வரை போய், "கூட்டமாக இருக்கிறது, நாளைக்கு வரலாம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். திரும்பி வண்டியை எடுக்கும்போது கிடைக்கும் நிம்மதி இருக்கிறதே, அது வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அவமானமாக மாறிவிடும்.

இப்போது எழுதக் காரணம் என் மகள். 6 வயது. போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், ஊசி போடவேண்டும் என்றார்கள். நான் வெளியே நின்றுகொண்டேன். உள்ளே போவதற்கு முன் அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் சொல்கிறாள், "எனக்கும் அப்பா மாதிரி ஊசி ஆகாதும்மா" என்று. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

உறவினர் ஒருவர், சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும், ஹிப்னாடிசம் செய்து அதைக் கண்டுபிடித்தால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர், பல்லைக் கடித்துக்கொண்டு போய் எடுத்துவிட்டு வா என்கிறார். எது சரி? இதிலிருந்து உண்மையிலேயே வெளியே வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆலமரத்தடி

நண்பரே, உங்கள் உறவினர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எந்தப் பயமும் சும்மா வராது. ஊசி என்பது மேலே தெரிகிற அடையாளம், அடியில் வேறு ஏதோ இருக்கும். சின்ன வயதில் யாராவது ஊசியைக் காட்டி மிரட்டியிருக்கலாம், ஆஸ்பத்திரியில் யாரையாவது இழந்திருக்கலாம், அப்பாவிடம் இருந்த பயம் ஊசி மேல் போய் உட்கார்ந்திருக்கலாம். வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டினால் வேறு இடத்தில் துளிர்க்கும். மனம்விட்டுப் பேசக்கூடிய ஒரு நல்ல மனநல ஆலோசகரிடம் போங்கள். அவசரப்படாதீர்கள், மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை.

சாரல்78

எனக்கு ஊசி இல்லை, நாய். 41 வயது வரை இருந்தது, இப்போது இல்லை என்றே சொல்லலாம். அதனால் எழுதுகிறேன்.

என்னை நாய் கடித்ததே கிடையாது. அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றிப் போவேன். மழை இல்லாத நாளிலும் கையில் குடை இருக்கும், விரட்டுவதற்கு. தோழி வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய், உள்ளே நாய் இருக்கிறது என்று தெரிந்ததும் வாசலிலேயே பரிசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சின்ன வயதில் பாட்டி மந்திரித்து, திருநீறு போட்டு, தாயத்தும் கட்டிவிட்டார்கள். அந்த இரண்டு நாள் பாட்டி மடியில் படுத்தது ஆறுதலாக இருந்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் நாளும் சுற்று வழியில்தான் பள்ளிக்கூடம் போனேன்.

நான் பார்த்த சைக்காலஜிஸ்ட் என் கதையை இரண்டு அமர்வு கேட்டார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, நாய் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயத்துக்கு மார்க் போடச் சொன்னார். நாய்ப் படம் 15. வீடியோவில் குரைக்கும் சத்தம் 35. கம்பி கேட்டுக்கு அந்தப் பக்கம் நாய் 60. கையால் தொடுவது 100. அந்த வரிசையில் ஒவ்வொரு படியாக ஏறினோம். தெருநாய் பக்கம் அவர் என்னை அழைத்துப் போகவே இல்லை. நம் ஊரில் வெறிநாய்க்கடி என்பது உண்மையான ஆபத்து, அந்தப் பயம் இருக்கத்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்தவர் வீட்டில் வளர்த்த, தடுப்பூசி எல்லாம் போட்ட ஒரு லாப்ரடார்தான் எங்களுக்கு.

அந்த நாளை மறக்கமுடியாது. திண்ணையில் நான், ஆறடி தள்ளி அது. சங்கிலி தரையில் உரசும் சத்தம் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பாயும், கடிக்கும், நிச்சயம்" என்றேன். "எத்தனை சதவீதம்?" "90." அதை எழுதிக்கொண்டார். குடையை வாங்கி உள்ளே வைத்துவிட்டார். குடை கையில் இருந்தால், கடிக்காததற்குக் குடைதான் காரணம் என்று என் மூளை கணக்கு எழுதிவிடுமாம். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அது கொட்டாவி விட்டது, காதைச் சொறிந்தது, கடைசியில் என் செருப்பை முகர்ந்துவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்த மூக்கின் ஈரம் கால் விரலில் பட்டதும் நான் அழுதுவிட்டேன், ஆனால் எழுந்து ஓடவில்லை.

மொத்தம் 7 அமர்வு. ஏன் வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

நிலவுமொழி

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் இன்ன நோய் என்று சொல்லமுடியாது, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நொய்யல்கரை, உங்களுடையது சாரல் அவர்களின் பயம் போன்றது இல்லை. நாய், உயரம், லிஃப்ட், இருட்டு என்று எந்தப் பயத்தை எடுத்தாலும் இதயத்துடிப்பு ஏறும், பிரஷர் ஏறும், ஏறியபடியே நிற்கும். அந்த நிலையில் "மயங்கிவிடுவேனோ" என்று தோன்றும், ஆனால் மயங்குவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் சார்ந்த பயத்தில் மட்டும் முதலில் ஏறிய பிரஷர் சட்டென்று இறங்கிவிடுகிறது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றுபோனால் எப்படி இருக்கும்? அதுதான் காது அடைப்பதும் கண் இருட்டுவதும். குடும்பத்தில் ஓடுகிற தன்மையும் இதில் மற்றப் பயங்களைவிட அதிகம். உங்கள் அப்பாவையோ அத்தைகளையோ விசாரித்துப் பாருங்கள், யாராவது ஒருவர் இப்படி விழுந்திருக்கலாம்.

இதனால்தான் ஒரு முக்கியமான விஷயம் தலைகீழாகிறது. பயத்துக்கு எல்லாரும் சொல்கிற வைத்தியம், மூச்சை மெதுவாக இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்து என்பது. இறங்கப்போகிற பிரஷரை அது தாங்கிப்பிடிக்காது, உங்களுக்கு அது தோதுப்படாது. நீங்கள் உடம்பை இறுக்கவேண்டும். ஸ்வீடனில் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் என்ற உளவியலாளர் 1980களில் இதை ஒரு முறையாகவே வகுத்தார். கை, மார்பு, கால் தசைகளைச் சேர்த்து 10 முதல் 15 வினாடி இறுக்கிப் பிடிக்கவேண்டும், முகத்தில் சூடு ஏறுவது தெரியும் வரை. பிறகு சாதாரண நிலைக்கு விடவேண்டும், துவண்டுபோகும் அளவுக்குத் தளர்த்தக்கூடாது. 20, 30 வினாடி இடைவெளி விட்டு மறுபடி. இப்படி ஐந்து தடவை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு ஐந்து சுற்று. முதல் வாரம் முழுக்க இதை மட்டும் பழகுங்கள், ஊசியைப் பற்றி நினைக்கவே வேண்டாம். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது.

இது கைவந்த பிறகுதான் பயத்தின் பக்கத்தில் போவது. ஊசிப் படம், ரத்தம் எடுக்கும் வீடியோ, கையில் ஊசியில்லாத சிரிஞ்ச், பிறகு லேப் நாற்காலியில் சும்மா போய் உட்கார்ந்து வருவது. குளிர்ந்த வியர்வை, கொட்டாவி, குமட்டல், இதில் எது முதலில் தலைகாட்டினாலும் உடனே இறுக்கவேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு போ என்று சொன்னவர் பாதி சரி. போகத்தான் வேண்டும். ஆனால் தயாரிப்பில்லாமல் போய் இன்னொரு தடவை விழுந்தால், பயத்துக்கு இன்னொரு சாட்சி சேர்ந்துவிடும்.

அப்புறம், லேப் வாசலிலிருந்து திரும்பும்போது வந்த நிம்மதியைப் பற்றி எழுதினீர்களே, உங்கள் பயத்துக்குச் சோறு போடுவது அதுதான். மவ்ரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1947-இலேயே இதை விளக்கினார். பயம் ஒரு வழியில் தொற்றிக்கொள்கிறது, தப்பித்து ஓடும்போது கிடைக்கும் நிம்மதி அதைக் காப்பாற்றி வைக்கிறது. முதலாவது எப்போதோ முடிந்துபோன சங்கதி. இரண்டாவது ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் புதிதாக நடக்கிறது.

ஆலமரத்தடி

மேடம், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இது எனக்கு இயந்திரத்தை ரிப்பேர் செய்வது மாதிரி இருக்கிறது. மனிதனுக்கு ஒரு கதை உண்டு. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட் 1909-இல் எழுதிய சின்ன ஹான்ஸ் கதையைப் படித்திருப்பீர்கள். 5 வயதுப் பையனுக்குக் குதிரை என்றால் பயம், தெருவுக்கே போகமாட்டான். அடியில் இருந்தது அப்பா மேல் இருந்த பயம் என்று ஃப்ராய்ட் காட்டினார். பையனும் குணமானான். உள்ளே இருப்பதைத் தொடாமல் மேலே மட்டும் துடைத்தால் அந்தப் பயம் எங்கே போகும்? வேறு முகம் போட்டுக்கொண்டு வராதா? நானே 2 வருடம் பேச்சு சிகிச்சையில் இருந்தவன். அது என் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நிலவுமொழி

உங்களுக்குப் பேச்சு சிகிச்சை உதவியது என்பதை நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன். துக்கம், உறவுச் சிக்கல், தன் மேலேயே வரும் வெறுப்பு, இதற்கெல்லாம் கதையைப் பேசித்தான் ஆகவேண்டும். இங்கே நாம் பேசுவது குறிப்பிட்ட ஒரு பொருள் மேல் வரும் பயத்தைப் பற்றி.

ஹான்ஸ் விஷயத்தில் ஃப்ராய்ட் பையனிடம் நேராகப் பேசிச் சிகிச்சை செய்யவில்லை. பையனின் அப்பா கவனித்து எழுதியனுப்ப, அதை வைத்து ஃப்ராய்ட் வழி சொன்னார். அந்தச் சமயத்தில் ஹான்ஸை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. வண்டி இழுத்துப்போன பெரிய குதிரை ஒன்று தெருவில் விழுந்து காலை உதறியதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பயம் வந்தது என்று ஹான்ஸே சொல்லியிருக்கிறான். 1960-இல் வோல்ப், ராக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள், குழந்தை நேராகச் சொன்னதை விட்டுவிட்டு அப்பா வரை ஏன் போகவேண்டும் என்று. 19 வயதில் ஹான்ஸ் ஃப்ராய்டைப் போய்ப் பார்த்தபோது அந்தச் சிகிச்சை எதுவுமே அவருக்கு ஞாபகத்தில் இல்லை. பின்னாளில் ஓபரா இயக்குநராகப் பேர் வாங்கினார்.

இன்னொரு குழந்தையின் கதையையும் சொல்லவேண்டும். 1920-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வாட்சன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை பார்த்த ரோசலி ரேனரும் 11 மாதக் குழந்தை ஒன்றுக்கு வெள்ளை எலியைக் காட்டி, அதே நேரத்தில் அதன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவையிலேயே குழந்தை எலியைக் கண்டு அலறத் தொடங்கியது. பிறகு முயல், நாய், ரோமக் கோட்டு என்று பரவியது. அந்தப் பயத்தை எடுக்காமலேயே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். இன்று எந்த அறக்குழுவும் இதை அனுமதிக்காது, எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு எரியும். ஆனால் ரேனரோடு படித்த மேரி கவர் ஜோன்ஸ் அதைத் திருப்பிப்போட்டார். 1924-இல் அவர் எழுதியது பீட்டர் என்ற, 3 வயதுகூட நிரம்பாத பையனைப் பற்றி. முயலைக் கண்டால் பயம். பீட்டர் தனக்குப் பிடித்ததைச் சாப்பிடும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார். பயமில்லாத வேறு குழந்தைகளும் பக்கத்தில் விளையாடினார்கள். நடுவில் பையனுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய, பயம் பழையபடி ஏறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொண்டான். ஏன் பயம் வந்தது என்று யாரும் அவனிடம் தோண்டவில்லை.

வேறு முகத்தில் திரும்ப வரும் என்ற உங்கள் கவலை நியாயமான கேள்விதான், பல பத்தாண்டுகள் இதைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படி முளைப்பதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் ஒரு பயம் தீர்ந்தவருக்கு மற்றவற்றிலும் தைரியம்தான் கூடுகிறது.

வேர் கிடையாது என்று நான் சொல்லவில்லை. ராக்மன் 1977-இல் மூன்று வழி சொன்னார். தனக்கே நடந்தது, பிறருக்கு நடப்பதைப் பார்த்தது, காதில் கேட்டது. எந்த வழியில் வந்தது என்று நினைவே இல்லாதவர்களும் நிறைய. ஹிப்னாடிசத்தில் தோண்டினால் நடக்காத சம்பவம்கூட நடந்ததுபோல் "ஞாபகம்" வரலாம். அந்த வழி வேண்டாம்.

லேப்தம்பி

ரத்தம் எடுப்பதுதான் என் வேலை, ஒரு நாளைக்கு 60 பேர் வரை. நொய்யல்கரை அண்ணா, தயவுசெய்து எங்களிடம் சொல்லுங்கள். சொல்லாமல் வந்து விழுபவர்கள்தான் அடிபடுகிறார்கள். "எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்" என்று வந்ததும் சொன்னால் போதும். படுத்திருந்தால் மயக்கம் வருவது குறையும், வந்தாலும் விழ இடமில்லை.

கூட்டமில்லாத நேரம் எது என்று போனில் கேட்டுவிட்டு வாருங்கள், காலை 7 மணிக்கு வராதீர்கள், அப்போதுதான் வெறும் வயிற்று டெஸ்ட்டுக்காரர்கள் எல்லாரும் நிற்பார்கள். மூன்று மாத சர்க்கரைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். வலிதான் பயம் என்றால் மரத்துப்போக வைக்கும் கிரீம் இருக்கிறது, டாக்டர் எழுதிக் கொடுப்பார், ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவவேண்டும்.

மேடம் சொன்ன இறுக்குதலில் ஒரு சந்தேகம். ஊசி போடுகிற கையையும் இறுக்கினால் எனக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். அதை என்ன செய்வது?

நிலவுமொழி

நல்ல கேள்வி தம்பி. அந்தக் கை மட்டும் தளர்வாக இருக்கவேண்டும், மற்றக் கையும் காலும் மார்பும் இறுக்கத்தில். இது சட்டென்று வராது. வீட்டில் தனியாகப் பழகவேண்டும்.

பனங்காடு

வணக்கம், நான் யாழ்ப்பாணம். அம்மாவுக்கு 63 வயது. வெடிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவா. கோயில் திருவிழா என்றால் நாங்கள் கதவு யன்னல் எல்லாம் சாத்தி, பாட்டை உரக்கப் போட்டுவிட்டு அவவோட இருப்போம். செல்லடி நடந்த காலத்தில் பங்கருக்குள் எங்களை வைத்துக்கொண்டு இருந்தவ. இரவில் கனவும் வருகுது, திடுக்கிட்டு எழும்புவா. சண்டை முடிந்த பிறகும் இத்தனை வருஷம். இதுவும் நீங்கள் கதைக்கிற பயம்தானா? படிப்படியாக வெடிச்சத்தத்தைக் கேட்கவைத்தால் சரிவருமா அக்கா?

நிலவுமொழி

தயவுசெய்து வீட்டில் அப்படி முயற்சி செய்யாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இது வேறு. கனவு, திடுக்கிட்டு எழுவது, அந்தக் காலம் மறுபடி நடப்பதுபோல் உடம்பு துள்ளுவது, இதெல்லாம் உயிருக்கு ஆபத்தான அனுபவம் விட்டுப்போன காயத்தின் அடையாளங்கள். அம்மாவின் பயத்தைக் காரணமற்றது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தச் சத்தம் வந்தபோது உண்மையிலேயே ஆட்கள் செத்தார்கள். இதற்கும் சிகிச்சை உண்டு, பலன் தரக்கூடியதுதான், ஆனால் நடந்ததைப் பேசி, அந்த நினைவை அன்றைய இடத்தில் வைத்துவிட்டு இன்றைக்கு வருவதற்குப் பயிற்சி பெற்றவர் கூடவே இருக்கவேண்டும். உங்கள் ஊர் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கதையுங்கள். இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணும் இருக்கிறது. திருவிழா நாட்களில் கூட இருக்கிறீர்கள் பாருங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

ரயில்பயணி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு விமானப் பயம். போன வருடம் மாத்திரை போட்டுக்கொண்டு துபாய் போய்விட்டு வந்தேன், நன்றாகத்தான் இருந்தது. சாரல் அக்கா மாதிரி ஏழு அமர்வு எல்லாம் எதற்கு? அவசரத்துக்கு மாத்திரை போதாதா?

நிலவுமொழி

டாக்டர் எழுதிக் கொடுத்து எப்போதாவது ஒரு தடவை என்றால் அது அவரும் நீங்களும் முடிவு செய்யவேண்டியது. ஆனால் பயம் போவதற்கு அது உதவாது. 1997-இல் வில்ஹெல்ம், ரோத் என்ற ஆய்வாளர்கள் இருவரும் விமானப் பயம் உள்ளவர்களிடம் இதைச் சோதித்தார்கள். முதல் பயணத்துக்கு ஒரு சாராருக்கு அல்பிரசோலம் என்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரை, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. அல்பிரசோலம் போட்டவர்கள் அன்றைக்குப் பயம் குறைவு என்றார்கள். ஒரு வாரம் கழித்து மருந்தே இல்லாமல் இரண்டாவது பயணம். அதில் அல்பிரசோலம் போட்டிருந்தவர்களுக்குத்தான் பயம் ஏறியது. சாரலின் குடை மாதிரிதான். பத்திரமாக இறங்கியதற்கான பேரை மாத்திரை வாங்கிக்கொண்டுவிடுகிறது, உங்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தானாகக் கடையில் வாங்கிப் போடுவதும், மதுவோடு சேர்ப்பதும் ஆபத்து.

யாரிடம் போவது என்று தனிமடலில் நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (RCI) பதிவு எண் இருக்கவேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். "பயத்துக்கு எக்ஸ்போஷர் முறையில், அதாவது படிப்படியாகப் பயத்தின் பக்கத்தில் போய்ப் பழகும் முறையில், சிகிச்சை தருவீர்களா" என்றும் கேளுங்கள். செலவுதான் தடை என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பெரியப்பாவுக்கு விபத்து நடந்தபோது ரத்தம் கொடுக்கப்போய் அவர் விழுந்ததைச் சொன்னார். இத்தனை வருடம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையாம். இரண்டு பேரும் வெகு நேரம் பேசினோம். ஆலமரத்தடி அவர்களே, கதையைப் பேசவேண்டும் என்றீர்கள், அது எனக்கு இப்படி நடந்தது. பயம் அதனால் போகவில்லை, ஆனால் வெட்கம் கொஞ்சம் போனது.

மேடம், ஒன்று மட்டும் கேட்கவேண்டும். என் மகளுக்கு நான் ஏற்கனவே கொடுத்துவிட்டேனா?

நிலவுமொழி

உடம்பின் தன்மையை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை, அதற்காக உங்களை நீங்களே நோகடித்துக்கொள்ளாதீர்கள். பார்த்துக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். 1980களில் சூசன் மினேகா என்ற உளவியலாளர் குரங்குகளிடம் செய்த ஆய்வு. ஆய்வகத்தில் பிறந்த குரங்குக்குப் பாம்பு பயம் இல்லை. பாம்பைக் கண்டு மிரளும் காட்டுக் குரங்கை ஒரு சில தடவை பார்த்ததும் அதுவும் மிரளத் தொடங்கியது. பூவைக் கண்டு மிரள்வதுபோல வீடியோவை ஒட்டிக் காட்டினால் அந்தப் பயம் ஒட்டவில்லை, சில பயங்களுக்கு நம் உடம்பு ஏற்கனவே தயாராக இருக்கிறது. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. பாம்பின் பக்கத்தில் அமைதியாக இருக்கும் குரங்கை முதலில் பல தடவை பார்த்த குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு, பிறகு மிரளும் குரங்கைக் காட்டினாலும் பயம் தொற்றவில்லை.

உங்கள் மகளுக்கு 6 வயது. நீங்கள் பயமே இல்லாதவர் போல நடிக்கவேண்டாம். நீங்கள் பழகுவதை அவள் பார்க்கட்டும்.

நொய்யல்கரை (ஏழு வாரம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருகிறேன்.

14416-க்குப் போன் செய்தேன், அவர்கள் வழிகாட்டி இங்கே அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தேன். ஐந்து தடவை போனேன். முதல் வாரம் இறுக்கிப் பழகுவது மட்டும். மகள்தான் எண்ணுவாள். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று பதினைந்து வரை, நடுவில் வேண்டுமென்றே மெதுவாக எண்ணுவாள். "அப்பா முகம் சிவந்துருச்சு" என்றால் விடலாம் என்று அர்த்தம். இரண்டாவது வாரம் வீடியோ. முதல் நாள் 20 வினாடிகூடப் பார்க்கமுடியவில்லை, கொட்டாவி வந்தது, உடனே இறுக்கினேன், நின்றது. நின்றது என்பதை நம்பவே முடியவில்லை. 25 வருடத்தில் அந்தக் கொட்டாவிக்குப் பிறகு நான் விழாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. நாலாவது வாரம் லேப் நாற்காலியில் சும்மா உட்கார்ந்து வந்தேன், மூன்று நாள், மூன்று வேறு லேப்களில். இடம் மாறினால் பழைய பயம் தலைதூக்கும், அதனால் பல இடத்தில் பழகுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாவது லேப்பில் உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது, வாசலில் பத்து நிமிடம் நின்றேன். ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை எடுத்தார்கள். படுக்க வைத்துத்தான். இடது கையைத் தளர்த்தி மற்றதை எல்லாம் இறுக்கிக்கொண்டு கிடந்தேன். பஞ்சில் நனைத்த ஸ்பிரிட் கையில் குளிர்ந்தபோது காது அடைக்கத் தொடங்கியது. இறுக்கினேன், விட்டேன், இறுக்கினேன். "முடிஞ்சுதுங்க சார்" என்று அந்தப் பெண் சொன்னபோது நான் இரண்டாவது சுற்றில் இருந்தேன். கண்ணைத் திறந்து என் ரத்தம் இருந்த அந்தச் சின்னக் குப்பியைப் பார்த்தேன். மாதுளைச் சாறு மாதிரி கெட்டியாக, கருஞ்சிவப்பாக இருந்தது. அடுத்த பத்து நிமிடம் எழுந்திருக்க விடவில்லை, நானும் அவசரப்படவில்லை.

ரிசல்ட் 6.1. சர்க்கரைக்கு முந்தைய நிலை என்கிறார் டாக்டர், மாத்திரை இப்போது வேண்டாம், நடையும் சாப்பாடும் மாற்றவேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். லேப்தம்பி, அன்றைக்கு உட்கார்ந்தே எடுத்துப் பார்க்கலாமா, இல்லை இன்னும் ஒரு தடவை படுத்தே எடுப்பது நல்லதா? மகள் தானும் வந்து பக்கத்தில் நின்று எண்ணுவேன் என்கிறாள்.

லேப்தம்பி

இன்னும் ஒரு தடவை படுத்தே எடுங்கள் அண்ணா. பாப்பா நிற்க ஒரு ஸ்டூல் போடச் சொல்லுங்கள், கட்டில் உயரத்துக்கு அவளுக்குச் சரியாகத் தெரியாது.